ஏன் இக்கல்லூரியைத் தேர்ந்தீர்?

(தோட்டப்புற மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரை)



நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கோருவோர்க்குத் தேர்வுப் புள்ளிகளும் புறப்பாட நடவடிக்கைப் புள்ளிகளுமே பெரிதும் துணை நிற்கின்றன. சில துறைகளுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளின் முறையோ வேறு. அங்கே புள்ளிகளோடு கட்டுரையும் பெரும்பாலும் கேட்கப்படுகிறது. 1975ஆம் ஆண்டில் 15 கல்லூரிகள் கூடித் தொடங்கிய பொது விண்ணப்ப முறையை இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்றுள்ளன. அம்முறையில் தன்னைப் பற்றிய கட்டுரை ஒன்றை 250 முதல் 650 சொற்களுக்குள் எழுத வேண்டும். அதனோடு, "எங்கள் கல்லூரியை நீர் ஏன் தேர்ந்தீர்?" என்று பல கல்லூரிகள் தனியே ஒரு வினாவும் விடுக்கின்றன. சில இடங்களில் அதற்கு நூறு சொற்களுக்கு மேல் இடமில்லை. அச்சிறு விடையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இவ்வினாவை ஏன் கேட்கிறார்கள்? தங்கள் புகழைப் பிறர் வாயால் கேட்டு மகிழ அன்று. இடம் அளிக்கப்பெறும் மாணவர்கள் அனைவரும் வந்து சேர்வதில்லை. ஆதலின், யார் தங்களை அறிந்து வருகிறார், யார் பெயரை மட்டும் கேட்டு வருகிறார் எனக் கண்டறிய விழைகிறார்கள். வந்து சேர்பவர் அங்குள்ள கல்வி முறையோடு பொருந்தி வாழ்வாரா என்பதும் அவர்தம் கவலை.

ஆனால் மாணவர்கள் பலரும் எழுதுவது யாது? "தங்கள் கல்லூரி உலகப் புகழ் பெற்றது; சிறந்த பேராசிரியர்களைக் கொண்டது; வளாகம் எழில் மிக்கது." இவ்வரிகளில் கல்லூரியின் பெயரை நீக்கி வேறொரு கல்லூரியின் பெயரை இட்டுப் பாருங்கள். ஒரு சொல்லும் மாறாமல் பொருந்தும். எக்கல்லூரிக்கும் பொருந்துகின்ற விடை எக்கல்லூரிக்கும் உரிய விடையாகாது. எழுதி முடித்ததும் ஒவ்வொருவரும் செய்து பார்க்க வேண்டிய சோதனை இதுவே.

கல்லூரிகள் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை. கொலராடோ கல்லூரியில் 1970 முதல் ஒரு நேரத்தில் ஒரே பாடத்தை மட்டும் மூன்றரை வாரங்கள் பயின்று, பின்னர் அடுத்த பாடத்துக்குச் செல்கிறார்கள். கென்டக்கி மாநிலத்தில் 1855இல் தொடங்கப்பெற்ற பெரியா கல்லூரி கல்விக் கட்டணம் பெறுவதில்லை; அங்கே பயிலும் ஒவ்வொரு மாணவரும் வாரத்திற்குக் குறைந்தது பத்து மணி நேரம் கல்லூரிப் பணி ஏதேனும் ஒன்றைச் செய்ய வேண்டும். இத்தகைய செய்திகளைக் கல்லூரியின் பாடத்திட்ட நூலில் தேடிப் படித்தல் வேண்டும். விளம்பரத் தாளில் உள்ள படங்கள் போதா.

எழுதுமுன் ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் "நான் நாடுவது" என்றும், வலப்பக்கம் "அங்கே உள்ளது" என்றும் தலைப்பிடுங்கள். இரு பக்கமும் நிரம்பிய பின், எவ்விரு குறிப்புகள் ஒன்றோடொன்று இணைகின்றன என்று கோடிட்டுப் பாருங்கள். அக்கோடுகளே உங்கள் கட்டுரை. ஒரு மாணவி இவ்வாறு எழுதலாம்: "பள்ளி முடிந்ததும் தோட்டத்துச் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தேன். ஒரே பொழுதில் பல பாடங்களை நடத்தியபோது அவர்கள் தடுமாறினர். ஒன்றையே பல நாள் நடத்தியபோது தெளிந்தனர். ஒரு பாடத்தை ஆழ்ந்து பயிலும் தங்கள் முறை என் கருத்தை ஈர்த்தது அதனால்தான்." இங்கே அலங்காரம் இல்லை. ஆயினும் பெயரை மாற்றினால் இது பொருந்தாது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிறப்பாக ஒன்று கூறுவேன். பால்மரம் சீவிய தாயையும், லயத்து வீட்டையும் கட்டுரையில் மறைப்போர் உண்டு. அவற்றையே கூறி இரக்கம் வேண்டுவோரும் உண்டு. இரண்டும் வேண்டா. வறுமை வெட்கப்படுவதற்குரியதும் அன்று, விற்பதற்குரிய பொருளும் அன்று. அவ்வாழ்க்கையிலிருந்து நீங்கள் கற்றது யாது, அது உங்களை எக்கல்விக்கு இட்டுச் செல்கிறது என்பதைக் கூறினால் போதும்.

இன்னொன்று. பணம் பெற்றுக்கொண்டு எழுதித் தருவோர் இருக்கின்றனர். செயற்கை நுண்ணறிவும் நொடியில் எழுதித் தருகிறது. விண்ணப்பத்தின் முடிவிலோ, இது என் சொந்தப் படைப்பு என உறுதியளித்துக் கையொப்பம் இட வேண்டும். பொய்யென்று தெரிந்தால் கிடைத்த இடமும் போகும். பிழை திருத்த ஆசிரியரின் துணையை நாடுவது தவறன்று. கருத்து உங்களுடையதாக இருத்தல் வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் பங்கும் இதில் உண்டு. ஆங்கிலம் அறியாதோம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். இரவு உணவின்போது, "ஏனம்மா அந்தக் கல்லூரி? இங்கே இல்லாத எது அங்கே இருக்கிறது?" என்று தமிழிலேயே கேளுங்கள். தாய்க்குத் தமிழில் விளக்க இயலாத காரணத்தை ஆங்கிலத்திலும் எழுத இயலாது. தக்க விடை பிறக்கவில்லையெனில், அக்கல்லூரிக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடுவதே நலம், கட்டணமும் மிஞ்சும்.

பணத்தைப் பற்றியும் முன்கூட்டியே அறிதல் வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், அம்ஹெர்ஸ்ட் போன்ற சில நிலையங்களே வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பாராமல் தேர்வு செய்து, தேவைக்கேற்ற உதவியும் அளிக்கின்றன. ஏனைய பலவற்றில், உதவி கோருவது தேர்வையே பாதிக்கக்கூடும். விண்ணப்பக் கட்டணம் செலுத்த இயலாதோர் விலக்குக் கோரலாம். விதி கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். முன்கூட்டிய விண்ணப்பங்களுக்கு நவம்பர் முதல் நாளும், பொது விண்ணப்பங்களுக்கு ஜனவரித் தொடக்கமும் பெரும்பாலும் இறுதி நாளாகும். ஆதலால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலேயே தாளை மடிக்கத் தொடங்குங்கள்.

எங்கே பயில்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நம் முன்னோர் பலருக்குக் கிட்டவில்லை. அவ்வுரிமை இன்று உங்கள் கையில் உள்ளது. காரணம் அறிந்து அதனைப் பயன்படுத்துங்கள்.