எட்டரை மணிக் கணக்கு

கொழும்பிலிருந்து வானிலை அறிக்கை வாசிக்கப்படும்போது, "கிழக்கு மாகாணத்திற் சில இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்னும் தொடர் அடிக்கடி செவியில் விழுகின்றது. மட்டக்களப்பில் அதைக் கேட்பவர் மனத்தில் எழும் வினா, "சில இடங்கள் என்றால் எவ்விடங்கள்?" என்பதே. வினா நியாயமானது. படுவான்கரையில் நெல் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் கமக்காரருக்கும், வள்ளத்தை இறக்கலாமோ என்று கடற்கரையில் நிற்கும் மீனவருக்கும் மாகாணம் முழுவதற்குமான விடை போதாது.

இவர்களிடம் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவொன்று உண்டு. வடக்கிருந்து வருவது வாடை. கிழக்கிருந்து வருவது கொண்டல். தெற்கிருந்து வருவது சோழகம். மேற்கிருந்து வருவது கச்சான். ஆண்டின் நடுப்பகுதியில் மட்டக்களப்பை வாட்டும் கச்சானின் காரணத்தை இன்றைய விஞ்ஞானமும் விளக்குகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு, மறுபுறம் கீழிறங்குகையில் வெப்பமும் வறட்சியும் அடைகின்றது. பெயர் வைத்தவர்கள் வெப்பமானி கண்டவர்களல்லர். ஆயினும் காற்றைப் பிழையின்றி இனங்கண்டிருந்தார்கள்.

ஆனால், அளவு என்பது வேறு. நேற்றிரவு "நல்ல மழை" என்றால் எவ்வளவு? இதற்கு விடை சொல்வது வானிலை அவதான நிலையத்தின் மழைமானி. ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்கு முந்திய 24 மணி நேர மழை அளக்கப்படுகின்றது. 25 மில்லிமீற்றர் என்று பதிவானால், ஓர் ஏக்கர் வயலில் ஏறக்குறைய ஓர் இலட்சம் இலீற்றர் நீர் விழுந்தது என்பது பொருள். மழைமானியை மரத்தடியில் வைத்தல் ஆகாது. மரத்தின் உயரத்தைப் போல் இருமடங்கு தூரமேனும் விலகியிருத்தல் வேண்டும்.

பாரமானி இன்னும் நுட்பமானது. அயனமண்டலத்தில் வளியமுக்கம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை பத்து மணியளவில் உயர்ந்து, மாலை நான்கு மணியளவில் தாழ்ந்து, இரவில் மீண்டும் உயர்ந்து, விடியுமுன் மீண்டும் தாழும். இதை அறியாத புதியவர் மாலை நான்கு மணிக்கு ஊசி இறங்கக் கண்டு புயலென்று அஞ்சுவார். நாள்தோறும் பார்த்துப் பழகியவரோ, ஏறவேண்டிய வேளையில் அது ஏறாதிருந்தாற்றான் கவலைகொள்வார்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாளிரவு மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய சூறாவளியின் நடுப்பகுதி கிழக்கே கடலில் இருக்கும்போது காற்று வடக்கு, வடமேற்குப் பக்கமாக வீசும். மாரிகாலத்து வாடைதானே என்று அதைத் தள்ளிவிட இடமுண்டு. "கண்" எனப்படும் நடுப்பகுதி ஊரின் மேலாகக் கடந்தால் காற்று சட்டென்று அடங்கும். ஆபத்து நீங்கிற்று என்று வெளியே வருவோரைச் சிறிது நேரத்தில் எதிர்த்திசையான தெற்கு, தென்கிழக்கிலிருந்து மறுகாற்று தாக்கும். வாடையும் கொண்டலும் அறிந்த முதியவருக்கும் இது புதிது; ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை காண்பதே அரிது. இவ்விடத்திற் பழக்கத்தை நம்பாமல் வானொலி எச்சரிக்கையை நம்புவதே உயிர்காக்கும் வழி. அந்த எச்சரிக்கைக்கும் கரையோர நிலையங்களின் அமுக்கக் கணக்கும் காற்றுக் கணக்கும் வேண்டும்.

வெள்ளத்தின் செய்தி வேறு. நகரத்தில் மழை விட்டிருக்கும். உன்னிச்சை, நவகிரிப் பக்கத்தில் பெய்த மழை பின்னர் வாவிக்கு வந்து சேரும். முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டிவிடுவதா, எப்போது வெட்டுவது என்னும் வாதம் மாரிதோறும் எழுகின்றது. நகரத்து மழைமானி ஒன்று மட்டும் அதைத் தீர்க்காது. இடிமழைக் காலத்திலே ஓர் ஊர் நனைய அடுத்த ஊர் காய்வதும் உண்டு. ஆதலால் உட்பகுதிக் கிராமந்தோறும் ஓர் அளவு வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. நேரான பக்கமும் தட்டையான அடியும் உள்ள ஒரு தகரப் பேணியும், அடிமட்டம் ஒன்றும், கொப்பி ஒன்றும் ஒரு பாடசாலைக்குப் போதும். பேணியின் வாய் அகலமாயினும் ஒடுக்கமாயினும் நீரின் ஆழம் ஒன்றே. துல்லியமான கருவிக்கு இது ஈடாகாது; ஆயினும் ஒன்றுமில்லாததைவிடப் பன்மடங்கு மேல். கெட்டுப்போவது வேறிடத்தில்: பாடசாலை விடுமுறையிற் பேணியைப் பார்ப்பார் இல்லை. திங்கட்கிழமை காலையில் மூன்று நாள் மழையும் ஒன்றாய்க் கிடக்கும். அதை ஒரே நாள் மழையென எழுதினால், பெய்யாத பெருமழையொன்று கொப்பியில் ஏறிவிடும். "வெள்ளி முதல் திங்கள் வரை, மொத்தம்" என்று எழுதினால் கணக்குக் கெடாது. மழை பெய்யாத நாளுக்கும் சுழியம் இட்டே தீரவேண்டும். வெற்றிடம் விட்டால், பின்னொரு நாள் கொப்பியைப் புரட்டுபவருக்கு அன்று வானம் பொய்த்ததோ, மாணவன் தூங்கினானோ என்று தெரியாது.