வண்டி வராத வழி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "நீ ரோடு போடுற ஆளு. ரோட்டைப் பத்தியே பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் நான் பேசப் போவது நான் போட்ட ரோட்டைப் பற்றி அல்ல. வண்டியே வராத ரோட்டைப் பற்றி.

நாங்கள் படித்தபோது விடுதி வாசலில் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் என்று கிளம்பிவிடுவோம். மூன்றாம் ஆண்டில் ஒரு சாயங்காலம், கடலூர் ரோட்டில், என் அறைத்தோழனைப் பின்னால் வந்த வேன் ஒன்று தட்டிவிட்டுப் போய்விட்டது. நிற்கவே இல்லை. வலது காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. கம்பி வைத்தார்கள். பரீட்சையை அடுத்த வருஷம்தான் எழுதினான். அதற்குப் பிறகு அவன் சைக்கிளைத் தொடவில்லை. நானும் அந்த மாதமே என் சைக்கிளை அறுநூறு ரூபாய்க்கு விற்றுவிட்டேன்.

படிப்பு முடிந்து சில வருஷம் கழித்து மகாராஷ்டிரத்தில் சாத்தாரா பக்கம் வேலை கிடைத்தது. அங்கே சால்கேவாடி என்று ஒரு பீடபூமி. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். தோசேகர் அருவியைத் தாண்டி மேலே ஏறினால், கண்ணுக்கு எட்டின தூரம் வரை காற்றாலைகள். அந்தக் காற்றாலைகளுக்கு அஸ்திவாரமும், அவற்றுக்குப் போகிற சரளைப் பாதையும் போடுவதுதான் எங்கள் வேலை.

அந்த மண் எரிமலை கொடுத்த மண். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் பூமி பிளந்து, நெருப்புக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து உறைந்ததுதான் தக்காணப் பீடபூமியின் கருங்கல். இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அது கிடக்கிறது. மேல்கல் பல காலம் மழையில் ஊறி, செம்பாறையாக மாறியிருக்கிறது. அது உடைந்தால் கோலிக்குண்டு மாதிரி சின்னச் சின்னச் சிவப்புக் கற்கள். அதுதான் பாதை.

சாத்தாரா கடைவீதியில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன். மழைக்காலத்தில் அங்கே மேகத்துக்குள்தான் நிற்க வேண்டும், பத்தடி தெரியாது. அக்டோபர் பிறந்த பிறகு ஒருநாள் விடியற்காலையில் கிளம்பினேன். மூன்று மணி நேரம் ஓட்டினேன். ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. காற்றாலை இறக்கை சுற்றுகிற சத்தம், டயருக்கு அடியில் கல் நொறுங்குகிற சத்தம், அவ்வளவுதான். பாதித் தூரம் போன பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்ததே இல்லை.

சரளையில் ஓட்டுவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால்தான் சக்கரம் கல்லை அணைத்துக்கொண்டு போகும். திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான், நான் கவ்வியிருக்கிறேன். கைப்பிடியை இறுக்காமல், இருபதடி முன்னால் பார்த்துப் போக வேண்டும்.

வெளிநாட்டில் இது இன்று பெரிய விளையாட்டு. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் 2006-ல் இருநூறு மைல் சரளைப் பாதைப் பந்தயம் தொடங்கினார்கள். 2022-ல் இத்தாலியில் உலகச் சாம்பியன் போட்டியே முதன்முறையாக நடந்தது. அதற்கென்று தனி சைக்கிள். விலை லட்சங்களில்கூட உண்டு. அதன் டயர் அகலம் என்ன என்று பார்த்தேன். சுமார் 40 மில்லிமீட்டர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தாத்தாவின் ஹெர்குலிஸ் சைக்கிள் டயரில் 28 x 1½ என்று போட்டிருக்கும். ஒன்றரை அங்குலம் என்பதும் ஏறக்குறைய அதே அளவுதான்! நம்மூர்ப் பால்காரர் வாய்க்கால் கரையில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு இந்த விளையாட்டைத்தான் காலங்காலமாக விளையாடிக் கொண்டிருக்கிறார்.

சிரிப்பை விட்டுவிட்டுத் தொழிலுக்கு வருகிறேன். போக்குவரத்தைக் கணக்கெடுக்கும்போது எல்லா வண்டியையும் கார் அளவுக்கு மாற்றிக் கூட்டுவோம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-ல் கிராமப்புறச் சாலைகளுக்குக் கொடுத்த அட்டவணைப்படி கார் 1, பஸ்ஸும் லாரியும் 3, மாட்டு வண்டி 8. சைக்கிள் அரை. அட்டவணையில் தப்பில்லை. ரோட்டில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்கிற கணக்கு அது. ஆனால் அதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கிற ஆள் தெரியாமல் போய்விடுகிறார். என் அறைத்தோழன் அன்றைக்கு அந்த ரோட்டில் அரை.

ஊர் திரும்பிய பிறகு சால்கேவாடி மாதிரி ஒரு இடம் இங்கே உண்டா என்று தேடினேன். எரிமலை மண் நமக்குக் கிடையாது. ஆனால் கடலூரில் கேப்பர் மலை இருக்கிறது. பெயர்தான் மலை, ஏறிப் பார்த்தால் செம்மண் மேடு. புவியியலார் 'கடலூர் மணற்கல்' என்று நம்மூர் பெயரையே வைத்த பாறை அது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பதும், திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள் கிடைப்பதும் அதே பாறை வகையில்தான். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே செம்மண் பாதைகள் ஓடுகின்றன. காலையில் ஓட்டிப் பாருங்கள். சட்டை சிவந்து வீடு திரும்புவீர்கள்.

ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். ரோட்டுக்கு அடியில் கொட்டுகிற கிராவல் இந்த மாதிரி மேடுகளை வெட்டித்தான் வருகிறது. நானும் லோடு லோடாக வாங்கியவன். சைக்கிள் நிம்மதியாகப் போகிற மண்ணை எடுத்து, சைக்கிள் போக முடியாத ரோட்டுக்கு அடியில் போட்டுக் கொண்டிருக்கிறோம்.

சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடக் கரை இருக்கிறது. சில இடம் தார், சில இடம் கிராவல். போன தை மாதம் என் அறைத்தோழன் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தான். "மாப்ளே, ஒரு இடம் காட்டுறேன் வா" என்று வல்லம்படுகைப் பக்கம் கரைக்குக் கூட்டிப் போனேன். இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தேன். பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "பின்னாடி வண்டி வருமாடா?" என்றான். "வராது" என்றேன். பத்து நிமிஷம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான். பிறகு ஏறினான். ஆறு கிலோமீட்டர் போனோம். அவன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வந்து காலைத் தடவிக்கொண்டே, "என் பொண்ணுக்கு இங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றான்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இங்கே பொறியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கரைக்கும் வாய்க்கால் மேட்டுக்கும் எஸ்டிமேட் போடும்போது, கனரக வண்டிகளுக்குத் திறந்துவிடும் முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். தாருக்குப் பக்கத்தில் இரண்டு மீட்டர் மண்பாதையாவது விட்டு வையுங்கள். செலவு அதிகமில்லை, மனசு வைத்தால் போதும்.

மாணவர்களே, விடுதியில் பத்து சைக்கிள் வைப்போம் என்று சங்கத்தில் கேட்டிருக்கிறேன். முதல் இரண்டு என் பொறுப்பு. ஞாயிறு காலை சேர்ந்து போங்கள். தனியாக வேண்டாம். தண்ணீரும் பஞ்சர் சாமானும் கையில் இருக்கட்டும். ஆற்றில் வெள்ளம் வரும்போது கரைப் பக்கமே போகாதீர்கள்.