கப்பல் யாருடையது?

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இந்தப் பொன்விழாவில் நம் வணிகத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி செயலாளர் பணித்தார். நான் பாலிடெக்னிக்கில் மின்சாரப் பிரிவில் டிப்ளோமா முடித்துவிட்டு, அத்தாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்தவன். வரலாறு படித்தவன் அல்ல. ஒரு கடைக்காரன் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

பந்திங்கிலிருந்து கிள்ளானுக்குப் போனால் ‘பண்டார்’ என்று எத்தனையோ பெயர்ப் பலகைகள். மலாய் மொழியில் அது நகரம். அந்தச் சொல் வந்த பாரசீக மொழியில் ‘பந்தர்’ என்றால் துறைமுகம். நம் பரங்கிப்பேட்டைக்கு மஹ்மூது பந்தர் என்றும் பெயர் உண்டு. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசை வணிகர்களைக் கவனிப்பது அவர்களில் ஒருவரின் பொறுப்பு.

பாரசீகத்திலேயே ஒரு பந்தர் இருக்கிறது, பந்தர் அப்பாஸ். சஃபாவி வம்சத்து மன்னர் ஷா அப்பாஸின் பெயர் அதற்கு. அவர் நல்ல வணிக மூளைக்காரர். இஸ்பஹானைத் தலைநகராக்கினார். வணிகக் கூட்டங்கள் தங்கிச் செல்ல வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார். பட்டு ஏற்றுமதியைத் தன் கையில் வைத்துக்கொண்டார். ஜூல்ஃபா ஊர் ஆர்மீனியர்களைக் கட்டாயமாகக் கொண்டுவந்து இஸ்பஹானில் குடியேற்றி, அவர்கள் மூலம் பட்டை விற்றார். அந்த வணிகர் வழிவந்தவர்கள் சென்னைக்கும் வந்தார்கள். ஆர்மீனியன் தெரு இன்றும் அங்கே இருக்கிறது.

எல்லாம் இருந்தும் ஒன்று இல்லை. கடலில் சொந்தக் கப்பல் படை இல்லை. ஹோர்முஸ் தீவு 100 ஆண்டுகளுக்கு மேல் போர்ச்சுகீசியர் கையில் இருந்தது. 1622இல் ஆங்கிலக் கம்பெனியின் கப்பல்களைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் ஷா அதை மீட்டார். அதற்குக் கூலி என்ன தெரியுமா? பந்தர் அப்பாஸில் ஆங்கிலேயர் சரக்குக்குச் சுங்கம் கிடையாது. மற்றவர்களிடம் வாங்கும் சுங்கத்திலும் அவர்களுக்குப் பாதி. அடுத்து டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1645இல் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து கிஷ்ம் தீவைத் தாக்கி, பட்டு வணிகத்தில் தங்களுக்குச் சாதகமான நிபந்தனைகளைப் பெற்றார்கள். 1685இல் ஷா சுலைமான் சயாம் மன்னருக்குத் தூதுக்குழு அனுப்பினார். அந்தத் தூதர்கள் சென்னை வழியாகப் போனது ஓர் ஆங்கிலக் கப்பலில்!

எதிர்க்கரையில் இருந்த சின்ன நாடு ஓமான். 1650இல் போர்ச்சுகீசியரை மஸ்கட்டிலிருந்து விரட்டி, சொந்தக் கப்பல் படையை வளர்த்தது. 1717இல் சஃபாவிகளிடமிருந்து பஹ்ரைனையே பிடித்துக்கொண்டது.

நம் கதையும் இதற்குத் தூரமில்லை. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் மரைக்காயர்கள் சொந்தக் கப்பலில் கெடாவுக்கும் அச்சேவுக்கும் வந்தவர்கள். பிறகு நீராவிக் கப்பல் வந்தது. நம் பாட்டன்மார் பலர் ரஜுலாவில் டிக்கெட் எடுத்துத்தான் இந்த நாட்டில் கால் வைத்தார்கள். கப்பல்காரர்களாக வந்தோம், பிறகு பயணிகளாக வந்தோம்.

கோவிட் காலத்தில் எனக்கு இது உறைத்தது. கடையில் ஆள் இருந்தது, கையில் பணம் இருந்தது, வாங்க வாடிக்கையாளர் இருந்தார்கள். சரக்கு மட்டும் இல்லை. ஒரே ஒரு மொத்த வியாபாரியை நம்பியிருந்தேன். அவர் சொன்னதுதான் விலை, அவர் அனுப்பும் நாள்தான் நாள். அதே வாரம் நம் சங்கத்து இன்னொரு கடைக்காரரும் அதே வெங்காயத்துக்கு, அதே மிளகாய்க்கு அலைந்திருக்கிறார். அவருக்கும் எனக்கும் அது பிறகுதான் தெரிந்தது, ஜும்ஆ முடிந்து பேசிக்கொண்டு நின்றபோது.

அதனால் ஒரு வேண்டுகோள். நாம் யாரும் இன்று கப்பல் வாங்கப் போவதில்லை. ஆனால் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்தால் ஒரு கண்டெய்னரை நிரப்பலாம். துறைமுகம் கிள்ளானில், பக்கத்திலேயே இருக்கிறது. கூட்டாக வாங்குவதற்குச் சங்கத்தில் ஒரு குழு அமைப்போம். கணக்கை எழுத்தில் வைப்போம். மாதம் ஒருமுறை எல்லோரும் பார்க்கும்படி வைப்போம். கூட்டு வியாபாரம் கெடுவது பெரும்பாலும் நஷ்டத்தால் அல்ல, சந்தேகத்தால்.

ஐம்பது ஆண்டுகளாக நிக்காஹ்வுக்கும் ஜனாஸாவுக்கும் ஒன்றாக நின்றிருக்கிறோம். கொள்முதலுக்கும் ஒன்றாக நிற்போம். அல்லாஹ் நம் தொழிலில் பரகத் செய்வானாக, ஆமீன்.