கடைவீதியின் பலகையும் விளக்கும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் வணிகனல்லன்; பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியன். தராசு பிடித்தறியாத ஒருவன் கடைவீதியைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் நமது விருதுநகர்க் கடைவீதி வணிகருக்கு மட்டும் உரியதன்று. அதன் பலகைகளைப் பார்த்தே நம் சிறுவர் எழுத்துக் கூட்டிப் படிக்கின்றனர். அதன் வெளிச்சத்தை நம்பியே நம் பெண்டிர் இரவில் வீடு திரும்புகின்றனர். ஆகலின் பலகை, விளக்கு என்னும் இவ்விரண்டைப் பற்றியும் சில கூற எனக்கும் உரிமையுண்டென்று துணிந்தேன்.

முதலில் ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவன் ஒருவன் தன் கட்டுரையில் 'எண்ணை' என்று எழுதியிருந்தான். எள்ளினின்று எடுக்கும் நெய்யே எண்ணெய் என்று விளக்கி, அச்சொல்லைப் பத்து முறை எழுதி வருமாறு பணித்தேன். அவன் எழுந்து நின்று, "ஐயா, எங்கள் கடைப் பலகையில் எண்ணை என்றுதானே எழுதியிருக்கிறது?" என்றான். வகுப்பு முழுதும் நகைத்தது. எனக்கோ நகைப்பு வரவில்லை. யான் கரும்பலகையில் எழுதுவது மணி அடித்தவுடன் அழிந்துபோகின்றது. அவன் தந்தையார் எழுதிவைத்த பலகையோ ஆண்டுக்கணக்காக நிற்கின்றது. எங்கள் இருவரில் அச்சிறுவனுக்குப் பெரிய ஆசிரியர் யாவர்? பின்னர் அத்தந்தையாரைக் கண்டு இதனைச் சொன்னபோது அவர் சினங்கொள்ளவில்லை. "வாத்தியாரய்யா, எழுதுகிறவருக்கும் தெரியவில்லை, எனக்கும் பார்த்துச் சொல்ல ஆளில்லை" என்றார். அச்சொல்லே இன்று என்னை இம்மேடையில் ஏற்றியது.

கடைக்கு அடையாளமிடுதலும் வீதிக்கு விளக்கிடுதலும் மேனாட்டார் நமக்குக் கற்பித்தவை என்று எண்ணற்க. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளை வகைப்படுத்திக் காட்டுகின்றார். கோயிலுக்கு ஒரு கொடி, கற்றோர் வாதமிடும் மன்றத்திற்கு ஒரு கொடி, கள் விற்கும் கடைக்கு ஒரு கொடி என அவை பலவாம். எழுத்தறியாதவனும் கொடி கண்டு இடமறிந்தான். மதுரைக்காஞ்சியில் பகற்கடையாகிய நாளங்காடியும் இரவுக்கடையாகிய அல்லங்காடியும் பேசப்படுகின்றன.

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையோ இன்னும் சிறந்ததொரு காட்சியைத் தருகின்றது. சாந்து விற்பார், மலர் விற்பார், பிட்டு விற்பார், அப்பம் விற்பார், மீன் விற்பார், கம்மியர் ஆகிய பலரும் புகார்க் கடற்கரையில் தத்தம் விளக்கை ஏற்றுகின்றனர். அவ்வொளிகள் எல்லாம் ஒருங்கு கூடியதால், நுண்மணலிடையே வெண்சிறுகடுகு விழினும் கண்டெடுக்கலாம் என்னும்படி இருந்ததாம். அன்பர்களே, இதனை ஊன்றி நோக்குங்கள். அங்கே எவனோ ஒரு பெருவணிகன் பேரொளி ஏற்றினான் என்று இளங்கோவடிகள் கூறினாரில்லை. சிறுகடை விளக்குகள் பல சேர்ந்தே அப்பெருவெளிச்சம் உண்டாயிற்று. யான் கூற வந்ததும் அதுவே.

இனி நம் வீதியைப் பார்ப்போம். பலகைகள் குறைவாக உள்ளனவா? இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக நிறைந்துள்ளன. அடுத்த கடைக்காரர் ஆறடியில் வைத்தால் நாம் எட்டடியில் வைக்கின்றோம். அவர் பத்தடிக்குத் தாவுகின்றார். முடிவில் எல்லாப் பலகையும் பெரியனவாகி, ஒன்றும் கண்ணிற்படாமற் போகின்றது. சந்தையில் அனைவரும் உரக்கக் கூவினால் யாருடைய குரல் செவியில் விழும்?

பலகைக்கு வேண்டுவன சிலவே. முதலாவது, சொற்கள் குறைவாயிருத்தல். கடையின் பெயர், விற்கும் பொருள், கதவிலக்கம் இம்மூன்றும் போதும். நடந்து செல்வோன் ஒரு நொடியே அண்ணாந்து பார்ப்பான். பலகையிற் பத்து வரியிருப்பின் ஒரு வரியும் படியான்.

இரண்டாவது, எழுத்தின் அளவு. ஓரங்குல உயரமுள்ள எழுத்தை ஏறத்தாழ 25 அடித் தொலைவிலிருந்து இடரின்றிப் படிக்கலாம் என்பது பலகைத் தொழிலில் வழங்கும் ஒரு கணக்கு. அதன்படி 100 அடித் தொலைவிற்கு நான்கங்குல எழுத்து வேண்டும். ஆயின் நம் தமிழெழுத்துக்களில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் கொம்பும் சுழியும் மிகுதியாதலால் ஐந்து அல்லது ஆறங்குலம் வைத்தல் நன்று. எழுத்துக்களைச் சுற்றி வெற்றிடம் விடுதல் வேண்டும். நிலத்தின் நிறமும் எழுத்தின் நிறமும் தம்முள் நன்கு மாறுபடல் வேண்டும். மஞ்சளின்மேல் வெள்ளையும் சிவப்பின்மேல் நீலமும் அழகுபோலத் தோன்றினும் கண்ணுக்குப் பகை.

மூன்றாவது, பிழையின்மை. 'சில்லறை' 'சில்லரை' யாகின்றது. 'ஜவுளிக் கடை' ஒற்றிழந்து நிற்கின்றது. கடைப் பலகையில் தமிழே முதலிடம் பெறவேண்டும். பிறமொழியும் வேண்டுமாயின் ஆங்கிலம் அடுத்தும் ஏனையவை அதன் பின்னும் வரவேண்டும் என்று 1948 ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் விதிகளின் கீழ் விதிக்கப்பட்டுள்ளது. அவற்றின் அளவையும் 5:3:2 என்று அரசு வகுத்துள்ளது. சட்டத்திற்கு அஞ்சித் தமிழெழுதுவது ஒருபுறமிருக்க, எழுதும் தமிழைத் திருத்தமாக எழுதுவது நம் மானத்தைச் சார்ந்ததன்றோ?

நான்காவது, நிலையான பொருளால் அமைத்தல். பிளெக்ஸ் பதாகை மலிவானதுதான். ஆனால் வெயிலில் வெளிறும், காற்றிற் கிழியும், சாலையிற் கட்டினால் உயிரையும் வாங்கும். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் இருசக்கர வண்டியிற் சென்ற இளம்பெண்ணின்மேல் பதாகை விழ, அவள் நிலைதடுமாறி வீழ்ந்து லாரியில் அகப்பட்டு இறந்ததை நாடே அறியும். பாட்டனார் காலத்துப் பலகை உங்கள் கடையில் இருக்குமாயின் அதனைக் கழற்றி எறியாதீர்கள். 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் வழங்கிய பழைய 'லை'யும் 'னை'யும் அதில் துதிக்கை தூக்கி நிற்பினும் குறையில்லை. தூசு துடைத்து, ஒரு சிறு விளக்கிட்டு வையுங்கள். நாணயமாக நடந்த கடைக்கு அதனினும் சிறந்த விளம்பரம் வேறில்லை.

இனி விளக்கு. சில திங்களுக்கு முன் ஓரிரவு யான் கண்டது இது. ஒரு கடை முகப்பில் ஓடும் எழுத்துப் பலகை கண்ணைப் பறித்தது. அடுத்த கடை மூடிக் கிடந்தது. மூதாட்டி ஒருத்தி அவ்வெளிச்சத்தைக் கடந்து இருட்டில் அடிவைத்தாள், படிக்கல் தெரியவில்லை, விழுந்து கை முறிந்தாள். பேரொளியைக் கண்டால் கண்ணின் பாவை சுருங்கும். அது மீண்டும் விரிந்து இருளுக்குப் பழகச் சிறிது நேரமாகும். முதியோர்க்கு இன்னும் மிகுதியாகும். அவ்விடத்தில் விளக்கில்லை என்று யாரும் கூறவியலாது. விளக்கு இருந்தமையாலேயே இருள் பெருகிற்று. ஒருவர் அளவுக்கு மீறி ஏற்றுவதும் அடுத்தவர் முற்றும் அணைப்பதும் சேர்ந்து அத்தாயின் கையை முறித்தன.

ஆதலின் விளக்கு ஒளிர வேண்டுவது பொருளின்மேலும் பலகையின்மேலும் நடைபாதையின்மேலுமே, நடப்போர் கண்ணிலன்று. மேலே மூடியிட்டு ஒளியைக் கீழ்நோக்கிச் செலுத்துக. எல்.இ.டி. விளக்கின் பெட்டியில் கெல்வின் என்றொரு எண் அச்சிட்டிருக்கும். 6500 என்றிருப்பின் நீலம் பாய்ந்த வெண்மை. 3000 என்றிருப்பின் அகல்விளக்கை ஒத்த இளமஞ்சள். வீதிக்குப் பின்னதே இதமானது. சி.ஆர்.ஐ. என்று மற்றோர் எண் உண்டு. அது பொருளின் இயல்பான நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு அளவு. நூறே அதன் உச்சம். ஜவுளி விற்போர் 90க்குக் குறையாததை வாங்குக. இரவில் அரக்கென்று எடுத்த சேலை காலையில் வேறு நிறமாயின், வாடிக்கையாளர் விளக்கை நோவாரோ, கடைக்காரரை நோவாரோ? மின்கசிவைக் கண்டவுடன் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவியையும் தவறாது பொருத்துக. மழைக்காலத்தில் முகப்பு விளக்கின் கம்பியே எமனாகலாம்.

கடையடைத்த பின்னும் ஒரு சிறு விளக்கு முகப்பில் எரியட்டும். 5 வாட் விளக்கு இரவுதோறும் 10 மணி நேரம் எரிந்தால் 30 நாளைக்கு ஒன்றரை யூனிட்டே செலவாகும். அச்சிறு செலவில் வீதி முழுதும் கள்வர்க்கு அச்சமும் வழிநடப்போர்க்குத் துணையும் உண்டாகும்.

"எல்லாம் சரி, வாத்தியாரே, சிறுகடைக்காரர் என் செய்வார்?" என்று கேட்பீர்கள். இக்கேள்விக்கு விடை நம் முன்னோரிடமே உளது. நாடார் வணிகர் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்து, தம் வண்டிக்கும் சரக்கிற்கும் காவலாகப் பேட்டைகள் அமைத்தனர். இவ்வூரிற் பெண்டிர் உலையிலிடும் அரிசியினின்று பிடியரிசி எடுத்துவைத்தனர். 1889 இல் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை அவ்வாறு வளர்ந்ததே. காமராசர் பயின்ற பள்ளி அது. பிடியரிசியாற் பள்ளி கண்ட மக்களுக்கு வீதியில் விளக்கேற்றுவது அரிய செயலா? பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் திருமுன் நாம் அனைவரும் கூடி ஒளிசெய்கின்றோம். அவ்வொற்றுமை அம்மன் தேரோடு நிலைக்குப் போய்விடல் வேண்டுமா?

யான் வேண்டுவது இதுவே. அடுத்தடுத்துள்ள பத்துக் கடையினர் முதலிற் கூடுக. பலகைகளை ஒரே உயரத்தில் வரிசையாக வைக்க இசைக. விளக்குகளை மொத்தமாக வாங்குக; பெருங்கடையார் தம் விற்பனைக்கேற்ப மிகுதியாகவும், சிறுகடையார் இயன்ற அளவும் மகமை தருக. கணவனை இழந்து வெற்றிலை பாக்குக் கடை நடத்தும் தாயிடம் ஒன்றும் பெறாது அவள் முகப்பிலும் ஒரு விளக்கு மாட்டுக. அது தருமமன்று, கணக்கே. அவள் கடை இருண்டிருப்பின் அதனைக் கடந்து உங்கள் கடைக்கு வருவோர் குறைவர். புறவழிச் சாலையின் பெருங்கடைகளை ஒரு கடை தனித்து எதிர்த்து நிற்க இயலாது. ஒரு வீதி எதிர்த்து நிற்கலாம்.

என் பங்காக ஒன்று கூறி முடிக்கின்றேன். பலகை எழுதுமுன் வாசகத்தைத் தாளில் எழுதி என்னிடம் அனுப்புங்கள். பிழை நீக்கி அன்றே திருப்பித் தருவேன், கூலி வேண்டா. என் மாணவன் தந்தையார் சென்ற கார்த்திகையில் தம் பலகையைப் புதுப்பித்தார். இப்போது அதில் 'எண்ணெய்' என்றிருக்கின்றது. அதன்மேல் ஒரு சிறு விளக்கும் எரிகின்றது. அடுத்த கடையும் அதற்கடுத்த கடையும் அதனைத் தொடருமாக.