எச்7 பலி சரியா?

போன மாதம் சங்கத்துச் செஸ் ஆட்டத்தில் மாமா ஒருவரின் எச்7 சிப்பாயை என் மந்திரியால் வெட்டினேன். அவர் ராஜா மந்திரியை வெட்டியதும் ஜி5இல் குதிரை. ராஜா திரும்பிப் போக, எச்5இல் ராணி. மாமா பதறி யானையை நகர்த்தித் தோற்றார்.

கம்ப்யூட்டரோ, அவர் டி7 குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்திருந்தால் என் கதை முடிந்தது என்கிறது. அதைத் தடுக்க இ5இல் எனக்குச் சிப்பாய் வேண்டும், இல்லை. "அம்பி, அது ஜெயமே இல்லை" என்கிறார் மாமா.

1960 மாஸ்கோவில், போட்வின்னிக்குடன் 6ஆவது ஆட்டத்தில் டால் எஃப்4இல் குதிரையைப் பலி கொடுத்தார். சபை சலசலத்ததில் ஆட்டத்தையே உள்ளறைக்கு மாற்றினார்கள். போட்வின்னிக் தோற்றார், நல்ல பதில் இருந்ததாகப் பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். கடிகாரம் ஓடும்போது கண்டுபிடிக்க வேண்டுமே! டாலைச் சாட்சிக்கு அழைக்க எனக்குக் கூச்சம்தான். நான் எஃப்6ஐப் பார்க்கவேயில்லை.

ஞாயிறன்று அதே நிலையிலிருந்து மறுபடி ஆடுகிறோம்.