அடுப்பு புகைந்தால் எங்கே பார்ப்பது?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை ஏன் பேசச் சொன்னார்கள் என்று உங்களுக்குத் தெரியும். போன வருடம் டிசம்பரில் நம் புகார்ப் பதிவேட்டில் ஒரே மாதத்தில் ஏழு தடவை வந்த வீட்டு எண் என்னுடையதுதான். ஏழும் புகைப் புகார். அதில் நான்கு எங்கள் மேல் வீட்டு டீச்சரம்மா எழுதியவை. அவருக்கு வீசிங் உண்டு. ஒரு நாள் இரவு மூச்சு முட்டி, அவர் மகன் காரை எடுத்து, மூடுபனியில் 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலத்துக்குக் கொண்டுபோனார். நல்லபடியாகத் திரும்பி வந்தார். ஆனால் அன்று இரவு நான் தூங்கவில்லை.

மறுவாரம் கமிட்டியில் ஒரு தீர்மானம் வந்தது: விறகு அடுப்பு, விறகு பாய்லர் எல்லாவற்றையும் தடை செய்வது. நம்மிடம் அப்படிப் பதினொரு வீடுகள் இருக்கின்றன. நான் எழுந்து, ஒரு வருடம் டைம் கொடுங்கள், என் அடுப்பு ஏன் புகைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்கிறேன், முடியாவிட்டால் நானே பிடுங்கிப் போட்டுவிடுகிறேன் என்றேன். அந்தக் கணக்கைத்தான் இன்று ஒப்படைக்கிறேன்.

நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்தவன். அங்கே சாயங்காலம் கேஷ் டேலி ஆகவில்லை என்றால் ஒரு முறை உண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கலைக்கக் கூடாது. முதலில் நோட்டுக் கட்டு, அடுத்து வவுச்சர், அடுத்து லெட்ஜர். ஒன்றை முடித்து டிக் போட்ட பிறகுதான் அடுத்தது. அடுப்புக்கும் அதையே செய்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். மாற்றியதையும் புகை வந்ததா இல்லையா என்பதையும் நோட்டில் எழுதினேன். உங்கள் வீட்டில் நீங்களும் செய்யக்கூடிய வரிசையில் சொல்கிறேன்.

முதலில் விறகு.

நமக்கு வருவது பெரும்பாலும் எஸ்டேட் விறகு. நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக்கின் கிளை, பிடுங்கிப் போட்ட பழைய காபிச் செடியின் கட்டை. வெட்டிய சில நாளிலேயே டெம்போவில் ஏற்றி வந்து எடை போட்டு இறக்குகிறார்கள். பச்சை மரத்தின் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீராக இருக்கலாம். விறகு விலை கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறோம் என்று அர்த்தம். அதோடு நிற்கவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பத்தில் ஆறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். அத்தனை வெப்பமும் விறகுக்குள் இருக்கும் ஈரத்துக்கே போனால், தீ சூடேறாமல் புகைந்துகொண்டுதான் இருக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் அது எரிக்கும் விறகு.

காய்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது? இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கேட்கும், ஈரமானது 'தொப்' என்று கேட்கும். வெட்டுமுகத்தில் ஆரம் ஆரமாக வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். எனக்கு இதில் திருப்தி இல்லை. ஒரு கட்டையில் சாக்பீஸால் எண் போட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையலறைத் தராசில் எடை பார்த்துப் பாஸ்புக் மாதிரி எழுதிவந்தேன். முதல் நாள் 2 கிலோ 140 கிராம். எடை இறங்கிக்கொண்டே வந்து, ஏழாவது மாதம் 1 கிலோ 260 கிராமில் நின்றது. எடை குறைவது நின்றால் கட்டை காய்ந்துவிட்டது.

இன்னொரு தவறையும் நான் செய்துகொண்டிருந்தேன். மழைக்குப் பயந்து விறகைத் தார்ப்பாயால் முழுக்க மூடிவைத்திருந்தேன். உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடித்தது. தரையிலிருந்து செங்கல் உயரத்துக்குத் தூக்கி அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். வெயில் குறைந்தாலும் காற்று காயவைக்கும்.

காய்ந்த விறகு போட்டதும் புகை பாதியாகக் குறைந்தது. பாதிதான். நோட்டில் டிக் போட்டு அடுத்ததுக்குப் போனேன்.

இரண்டாவது, அறைக்குள் வரும் காற்று.

புகைபோக்கி வழியாக ஒரு குடம் காற்று வெளியே போக வேண்டுமானால், எங்காவது ஒரு குடம் காற்று உள்ளே வர வேண்டும். வரவுக்கு மேல் செலவு செய்ய முடியாது. பழைய பங்களாக்களில் கதவிடுக்கு, ஓட்டு இடுக்கு என்று காற்று தானாக வரும். நம் பிளாட்டில் அலுமினிய ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, கதவுக்கடியில் துணியும் அடைத்துவைக்கிறோம். போதாததற்குச் சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. அந்த ஃபேனுக்குக் காற்று வேண்டும். அது புகைபோக்கி வழியாகவே கீழே இழுத்துக்கொள்கிறது.

ஒரு ஊதுபத்தி போதும் இதைக் கண்டுபிடிக்க. அடுப்பு அணைந்திருக்கும்போது அதன் வாயருகே பிடியுங்கள். புகை அடுப்புக்குள் போனால் சரி. உங்கள் முகத்துக்கு வந்தால் காற்று தலைகீழாக ஓடுகிறது. ஃபேனை நிறுத்தி, ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து மறுபடி பாருங்கள். எங்கள் வீட்டில் என் மனைவி தோசை வார்க்க ஃபேன் போடும் நேரமும் ஹாலில் புகை கவியும் நேரமும் ஒன்றாகவே இருந்தன. நோட்டில் எழுதிய பிறகுதான் அது கண்ணில் பட்டது.

மூன்றாவது, குழாயின் உள்பக்கம்.

வருடம் ஒரு தடவை, பனிக்காலத்துக்கு முன்னால், குழாயைக் கழற்றிப் பாருங்கள். ஈர விறகை மந்தமாக எரித்தால் கீல் போலக் கறுப்புப் படிவம் ஒட்டும். அது வழியை அடைப்பதோடு, சூடேறினால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். என் குழாயின் வளைவில் விரல் தடிமனுக்கு இருந்தது. மேல் வாயில் ஒரு பழைய பறவைக் கூடும் கிடைத்தது. கம்பி பிரஷ் விட்டுச் சுரண்டினேன். இதையும் ஆள் வைத்துச் செய்துகொள்ளுங்கள், ஈரக் கூரையில் நீங்கள் ஏற வேண்டாம்.

காலையில் பற்றவைத்ததும் மட்டும் புகைந்தால் அது அடைப்பு இல்லை. குழாயில் குளிர்ந்த காற்று கனத்து உட்கார்ந்திருக்கும். ஒரு தினத்தாள் தாளை முறுக்கிக் குழாயின் அடிவாயில் கொளுத்துங்கள். 'குபுக்' என்று மேலே இழுக்கும். அதன் பிறகு விறகைப் பற்றவையுங்கள்.

நான்காவது, குழாயின் தலை. என் கணக்கு இங்கேதான் டேலி ஆனது.

இத்தனையும் செய்த பிறகும் காற்றடிக்கும் நாளில் புகை குழாய் வழியே திரும்பி ஹாலுக்கு வந்தது, டீச்சரம்மா ஜன்னலுக்கும் போனது. மொட்டை மாடிக்கு டேப்போடு போனேன். என் குழாய் தளத்திலிருந்து 3 அடி. அதிலிருந்து 5 அடி தூரத்தில் புதிய தண்ணீர்த் தொட்டி, மேடையோடு சேர்த்து 7 அடி. பொதுவான விதி ஒன்று உண்டு. புகைபோக்கியின் தலை, கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். சுற்றி 10 அடிக்குள் எது இருந்தாலும் அதைவிட 2 அடி உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டியைத் தாண்டும் காற்று சுழன்று கீழே இறங்கிக் குழாய்க்குள் அழுத்தும். அந்தத் தொட்டியை அங்கே வைக்கலாம் என்று போன வருடத்துக்கு முந்தைய கூட்டத்தில் கைதூக்கியவர்களில் நானும் ஒருவன்.

குழாயை 6 அடி உயர்த்தி, கம்பி இழுத்துக் கட்டி, மழைத் தொப்பி போட்டேன். இந்த டிசம்பரில் பதிவேட்டில் என் வீட்டு எண் ஒரே ஒரு தடவை வந்திருக்கிறது. அது பேரன் கிரிக்கெட் பந்துக்காக.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியும் புகையைவிட மோசமானது தெரியாதது. கரி கனன்றுகொண்டிருக்கும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவில்லை. கரிச் சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கனல் இருக்கும்போது குழாயின் தடுப்பை முழுக்க மூடாதீர்கள். விறகு எரிக்கும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். காற்றே அசையாமல் மூடுபனி உட்கார்ந்திருக்கும் நாளில், எவ்வளவு நல்ல அடுப்பானாலும் பற்றவைக்காதீர்கள். அன்று புகை எங்கும் போகாது, பக்கத்து வீட்டில்தான் தங்கும்.

இந்தப் பிரச்சினை நமக்குப் புதிதும் இல்லை. ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகையில்லா அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். அதைப் பற்றிய அவருடைய ஆங்கிலப் புத்தகம் 1953-ல் நம் சென்னையில்தான் அச்சானது. 1980-களில் மத்திய அரசே புகைபோக்கி வைத்த மேம்பட்ட அடுப்புகளை நாடு முழுக்கக் கொடுத்தது. ஒடிசா கிராமங்களில் இப்படிக் கொடுத்த அடுப்புகளை, பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய எஸ்தர் டுஃப்லோவும் இன்னும் இருவரும் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருடம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அப்புறம் அந்தப் பலன் மறைந்துவிட்டது. காரணம், பழுதானதைச் சரி செய்யவில்லை, ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை. பராமரிப்புக்கு ஒதுக்கீடு இல்லாத சொத்துக்குத் தேய்மானம் மட்டும்தான் மிஞ்சும் என்று காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே தடைத் தீர்மானத்துக்குப் பதில் நான் கேட்பது இது. பதினொரு வீடுகளும் வருடம் ஒரு முறை, நவம்பருக்குள், குழாயைச் சுத்தம் செய்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போடாத வீடு அந்த வருடம் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. மொட்டை மாடியில் எதைக் கட்டுவதாக இருந்தாலும் முதலில் புகைபோக்கிகளை அளக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அளக்க மாடிக்குப் போன அன்று, கீழே பின்பக்கத்தில் இன்னொரு புகையைப் பார்த்தேன். நம் வாட்ச்மேன் குடும்பத்தின் தகரக் கொட்டகை. மூன்று கல் அடுப்பு, புகைபோக்கி கிடையாது, அந்தம்மா பக்கத்தில் கைக்குழந்தை. இரண்டு வேளையும் அங்கேதான் சமையல். வீட்டுக்குள் சூழும் இப்படிப்பட்ட புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நம் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தேன். அந்தப் புகையைப் பற்றி ஒரு வரி இல்லை. அது யார் ஜன்னலுக்கும் வரவில்லை, அதனால் யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

அவர்களுக்கு ஒரு கேஸ் இணைப்பும், மாதாமாதம் சிலிண்டர் செலவும் சங்கக் கணக்கில் போடலாம் என்று முன்மொழிகிறேன். தடைத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளும் முன் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வழிமொழிய ஒருவர் வேண்டும். டீச்சரம்மா கை தூக்குகிறார்.