கணக்கை உரக்க வாசியுங்கள்



1994 டிசம்பர் 2. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்றொரு சிற்றூர். அன்று அங்கே மக்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, அரசு வேலைகளின் வருகைப் பட்டியலையும் செலவுச் சீட்டுகளையும் உரக்க வாசித்தார்கள். அதற்கு முன் அந்தக் காகிதங்கள் அலுவலக அலமாரியைத் தாண்டி வெளியே வந்ததில்லை. வாசிக்க வாசிக்கத்தான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. வேலைக்குப் போகாதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது. பாதியில் நின்ற கட்டடம் ஏட்டில் முடிந்திருந்தது. இந்தப் பொது விசாரணையை நடத்தியது மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர் அமைப்பு. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் அருணா ராய். நம் சென்னையில் பிறந்தவர், 1975இல் ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போனவர்.

எங்கள் பணம், எங்கள் கணக்கு என்று அந்த மக்கள் எழுப்பிய குரல் பதினோரு ஆண்டுகள் கழித்து டெல்லிக்குக் கேட்டது. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் ஊரக வேலை உறுதிச் சட்டமும் ஒரே ஆண்டில் வந்தன. வேலை கேட்டவர்களே கணக்கும் கேட்டார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

2006 பிப்ரவரியில் அந்த வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்கள்: விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. 2008 ஏப்ரலுக்குள் மற்ற ஊரக மாவட்டங்களும் சேர்ந்துவிட்டன. நம் பெண்கள் அதை நூறு நாள் வேலை என்றார்கள், ஏரி வேலை என்றார்கள். நம் மாநிலத்தில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்தான். எனவே இந்தக் கணக்கில் விழும் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு தாயின் மடியிலிருந்துதான் பணத்தை எடுக்கிறது.

2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவை நான் பலமுறை படித்திருக்கிறேன். கிராம சபைதான் வேலைகளைக் கண்காணிக்க வேண்டும், கிராம சபைதான் சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று அது சொன்னது. வருகைப் பதிவேடு, பில், வவுச்சர், அளவைப் புத்தகம், அனுமதி ஆணை எல்லாவற்றையும் ஊராட்சி எடுத்து முன்னால் வைக்க வேண்டும். 2011இல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தணிக்கை. அதை நடத்துவதற்கு, திட்டத்தை நடத்துகிறவர்கள் தலையிட முடியாத தனி அமைப்பு. கூலிக்காரியை உட்காரவைத்து அவள் முன்னால் அதிகாரி கணக்கு ஒப்பிக்க வேண்டும் என்று எழுதிய சட்டம் உலகத்தில் அதிகம் இல்லை, நண்பர்களே!

முறையாக நடக்கும்போது அது எப்படி நடக்கும்? பயிற்சி பெற்ற தணிக்கையாளர்கள் வீடு வீடாகப் போவார்கள். வேலை அட்டையை வாங்கிப் பார்ப்பார்கள். அம்மா, எத்தனை நாள் போனீர்கள், வங்கிக் கணக்கில் எவ்வளவு ஏறியது என்று கேட்டு, என்.எம்.ஆர். என்ற வருகைப் பட்டியலில் இருப்பதோடு ஒப்பிடுவார்கள். வரத்துக்கால் வெட்டிய இடத்துக்குப் போய் டேப்பைப் பிடித்து நீளம், அகலம், ஆழம் அளப்பார்கள். கடைசியில் சிறப்பு கிராம சபையைக் கூட்டி எல்லாவற்றையும் வாசிப்பார்கள்.

அந்தக் கடைசி நாளில்தான் சிக்கல். வீட்டுத் திண்ணையில் உள்ளதைச் சொன்ன அம்மா, சபையில் வாயைத் திறக்க மாட்டார். எதிரே தலைவர், பக்கத்தில் ஊராட்சிச் செயலர், இவரோ நாளைக்கு வேலைக்குப் பெயர் சேர்க்கச் சொல்லி அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். அந்த மௌனத்தை ஒப்புதல் என்று எழுதிக்கொண்டு கூட்டத்தை முடித்துவிடுகிறார்கள். அவருக்குத் துணையாக எழுந்து நிற்க அந்தச் சபையில் யார் இருந்தோம் என்று கேட்கிறேன்.

அப்படியும் தணிக்கை நிறையக் கண்டுபிடித்திருக்கிறது. 2017-18 முதல் நான்கு ஆண்டுகளில் நாடு முழுவதும் சமூகத் தணிக்கை கண்டறிந்த முறைகேடு சுமார் 935 கோடி ரூபாய். திரும்ப வசூலானது சுமார் 12.5 கோடி. நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை! தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளிலும் ஒருமுறையாவது தணிக்கை நடந்தது. அது நம் பெருமை. கண்டறிந்தது 245 கோடி. வசூலானதோ இரண்டு கோடியைச் சற்றே தாண்டியது. திருட்டைக் கண்டுபிடித்த தணிக்கையாளருக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. அவர் எழுதிய தணிக்கைத் தடை மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். அங்கே விளக்கம் கேட்பார்கள், விளக்கம் வரும், தடை நீங்கும். 2005 சட்டத்தை மீறியவருக்கு அதன் 25ஆம் பிரிவு விதித்த அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்தான். போதாததற்கு, மத்திய அரசிலிருந்து நிதி வராமல் பல மாநிலங்களில் தணிக்கையாளர்களுக்கே மாதக்கணக்கில் சம்பளம் நின்றிருக்கிறது. காவல்காரனைப் பட்டினி போட்டால் களத்துமேடு என்ன ஆகும்?

இந்த ஓட்டையை அடைக்க வேண்டியவர்கள் வேறு ஒரு வேலை செய்தார்கள். 2023 ஜனவரி முதல் பொது வேலைத்தளங்களில் கைப்பேசிச் செயலியில் வருகைப் பதிவு கட்டாயம். நாளுக்கு இரண்டு முறை கூலிக்காரர்களை நிற்கவைத்துப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். காலையில் வந்து, கொடுத்த அளவை வெட்டி முடித்த பெண், இரண்டாவது படத்துக்காகவே வெயிலில் காத்திருக்க வேண்டும். சிக்னல் இல்லையென்றால் உழைத்த நாள் ஏறாது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஆதார் வழிச் சம்பளத்தைக் கட்டாயமாக்கினார்கள். சரி, திருட்டாவது நின்றதா? 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், பழைய படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள், படத்தில் இருக்கும் ஆண் பெண் எண்ணிக்கையும் பதிவில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று அந்தக் கடிதம் சொன்னது. ஏமாற்ற நினைத்தவர் கையில்தான் அந்தக் கைப்பேசி இருந்தது. கீழே குனிந்து மண் வெட்டுகிறவளைப் பார்க்கும் கண்காணிப்பு, மேலே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவரைப் பார்ப்பதில்லை.

மேற்கு வங்கத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். முறைகேடு என்று காரணம் காட்டி, 2022 மார்ச்சில் மத்திய அரசு 27ஆம் பிரிவின் கீழ் மாநிலத்துக்கே நிதியை நிறுத்தியது. கூலி வாங்கிப் பிழைத்த இலட்சக்கணக்கான குடும்பங்கள் மூன்று ஆண்டுக்கு மேல் வேலையில்லாமல் நின்றன. 2025 ஆகஸ்ட் 1 முதல் மீண்டும் தொடங்குங்கள் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. திருடியவர் ஒருவர், பட்டினி கிடந்தவர் வேறொருவர். இதனால்தான் நம் ஊர்களிலும் நல்லவர்கள்கூடத் தணிக்கையைக் கண்டு பயப்படுகிறார்கள். குறையைச் சொன்னால் திட்டத்தையே மூடிவிடுவார்களோ என்ற அந்தப் பயம் நியாயமான பயம். ஆனால் வாயை மூடிக்கொண்டதால் எந்தத் திட்டமும் காப்பாற்றப்பட்டதாக நான் அறியவில்லை. ஊரே கேட்டு, ஊரே சரிசெய்த இடத்தில் டெல்லிக்குச் சாக்குச் சொல்ல வழியில்லாமல் போகும்.

2025 டிசம்பரில் வந்த புதிய சட்டத்தில் திட்டத்தின் பெயர் மாறியது, நாள் எண்ணிக்கை கூடியது, நிதிப் பங்கு மாறியது. எது மாறினாலும் ஊர் கேட்கும் உரிமையை மட்டும் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இதை ஏன் வாசகர் வட்டத்து மேடையில் சொல்கிறேன்? அரசு பதில் சொல்லும்: எல்லா ஊராட்சியின் வருகைப் பட்டியலையும் இணையத்தில் போட்டிருக்கிறோம் என்று. உண்மைதான், போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில், கட்டம் கட்டமாக, சுருக்கக் குறியீடுகளாக. அதைத் தேடி எடுக்கவும் படிக்கவும் தெரிந்தவர்கள் இந்த அரங்கில் நிறைந்திருக்கிறீர்கள். உங்களில் பலருக்குச் சுற்றுப்பட்டுக் கிராமங்களில்தான் ஓட்டு. கிராம சபையில் எழுந்து பேச உரிமை உள்ளவர்கள் நீங்கள்.

இந்த வட்டத்திடம் ஒன்று கேட்கிறேன். ஊருக்கு நான்கு பேராகப் பெயர் கொடுங்கள். ஒருவர் பட்டியலைத் தமிழில் எழுதட்டும், இருவர் தெருத் தெருவாகப் போய் வேலை அட்டைகளோடு ஒத்துப் பார்க்கட்டும், குரல் நன்றாக உள்ள ஒருவர் சபையில் வாசிக்கட்டும். இணையத்தில் இல்லாத அளவைப் புத்தகத்துக்கும் வவுச்சருக்கும் தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்தான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் இருக்கின்றன. அடுத்து எது வருகிறதோ அதிலேயே தொடங்கலாம். பெயர் எழுத மேடைக்கு இடப்பக்கம் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். என் பெயரையும் என் ஊர்ப் பெயரையும் முதல் வரியில் எழுதிவிட்டுத்தான் இங்கே ஏறினேன்.